கூகைக்குத் தாங்கி, எலிக்கு நஞ்சு

நெல் வயலில் எலியைக் கட்டுப்படுத்துவதற்காக நம் உழவர்களுக்கு வழங்கப்படும் பரிந்துரைகளை எடுத்துப் படித்தால், வரப்புகளைச் சிறிதாக அமையுங்கள், வளைகளைத் தோண்டி அழியுங்கள், தஞ்சாவூர் கிட்டி என்னும் மூங்கில் பொறி வையுங்கள் என்பவற்றோடு, இரவில் ஆந்தைகள் வந்து அமர்வதற்கு வயலில் தாங்கிகளை நடுங்கள் என்ற அறிவுரையையும் காணலாம். அதே பரிந்துரையில், சில வரிகள் தள்ளி, 0.25 விழுக்காடு புரோமடையலோன் என்னும் எலி மருந்தில் ஒரு பங்கை 49 பங்கு தீனியோடு கலந்து வைக்குமாறும் சொல்லப்பட்டிருக்கிறது. முதல் அறிவுரை கூகை என்னும் ஆந்தையை வயலுக்கு அழைக்கிறது. இரண்டாவது அறிவுரை, அந்தக் கூகை உண்ணப்போகும் எலியின் உடலில் நஞ்சை ஏற்றுகிறது. இவ்விரண்டையும் ஒரே வயலில் ஒரே பருவத்தில் செய்யக் கூடாது என்பதும், கவனமாகப் பயன்படுத்தினால் தீங்கு வராது என்று சொல்லி இந்த முரண்பாட்டை மூடிவிட முடியாது என்பதும்தான் இந்தப் பதிவில் நான் சொல்ல விரும்புபவை.

உரக்கடையில் எலி மருந்து என்று கேட்டால் கிடைப்பவை எல்லாம் ஒரே வகையானவை அல்ல. கருநிறத் தூளாக வரும் துத்தநாகப் பாஸ்பைடு ஒரு வகை. மெழுகில் கட்டியாகவோ, தானியத்தில் கலந்த தீனியாகவோ வரும் புரோமடையலோன் இன்னொரு வகை. முன்னது எலியின் வயிற்றில் பாஸ்பீன் வளியை வெளியிட்டுச் சில மணி நேரத்தில் கொல்லும்; பின்னது இரத்தம் உறையும் ஆற்றலைக் குலைத்துப் பல நாள் கழித்துக் கொல்லும். மனிதருக்கு இரண்டும் கொடியவை என்பதால் நாம் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் எலியைத் தின்று வாழும் கூகைக்கும், கொம்பன் ஆந்தைக்கும், பகலில் வயலுக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று கீழே நோக்கும் கருந்தோள் பருந்துக்கும் இந்த வேறுபாடு வாழ்வையும் சாவையும் முடிவு செய்வதாகும்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் இந்த நஞ்சுகளின் வரலாறு மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1920களில் வட அமெரிக்காவின் வடபகுதிப் பண்ணைகளில், சிறு காயத்துக்கும் இரத்தம் நிற்காமல் மாடுகள் இறந்துகொண்டிருந்தன. பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போன இனிப்புக் குளோவர் என்னும் தீவனப்புல்லே அதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. புல்லில் எந்தப் பொருள் அதைச் செய்கிறது என்பது மட்டும் விளங்கவில்லை. 1933 பிப்ரவரியில், கடும் பனிப்புயலின் ஊடே, விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர் தம் இறந்த கிடேரியையும், உறையாத இரத்தம் நிறைந்த ஒரு பால் குடத்தையும் எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்து, கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் வைத்தார். லிங்கும் அவருடைய மாணவர்களும் ஆறு ஆண்டுகள் உழைத்து, 1939இல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதைச் சார்ந்து பின்னர் உருவாக்கிய வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் அதுவே, அளவறிந்து கொடுக்கும்போது, இதய நோயாளிகளுக்கு இரத்தக் கட்டியைத் தடுக்கும் மருந்தாகவும் ஆனது. 1955இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கே அது கொடுக்கப்பட்டது. இன்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் அதை மாத்திரையாக உட்கொள்கிறார்கள்.

வார்ஃபரினை எலி பல நாள் தொடர்ந்து தின்றால்தான் சாகும். அதன் உடலில் அந்த நஞ்சு ஒப்பீட்டளவில் விரைவாகச் சிதைந்துவிடும். இந்த இரண்டு பண்புகளும் எலியைத் தின்னும் பறவைகளுக்கு ஓரளவு பாதுகாப்பாக அமைந்தன. ஆனால் 1958இல் ஸ்காட்லாந்தின் பண்ணைகளில் வார்ஃபரினுக்கு அசையாத எலிகள் காணப்பட்டன. அடுத்தடுத்துப் பிற நாடுகளிலும் அவ்வாறே ஆயிற்று. அந்த எலிகளையும் கொல்வதற்காக 1970கள் முதல் இரண்டாம் தலைமுறை நஞ்சுகள் உருவாக்கப்பட்டன. டைஃபெனாகும், புரோடிஃபாகும், புரோமடையலோன், ஃபுளோகுமாஃபென், டைஃபெதையலோன் என்பவை அவை. வலிமையும் நிலைத்திருத்தலும் இவற்றின் விற்பனைச் சிறப்பு. பறவைகளுக்கு வந்த கேடும் அவ்விரண்டிலிருந்தே பிறந்தது.

இந்த நஞ்சுகள் உடலில் செய்யும் வேலையைச் சற்று விளக்கியாக வேண்டும், ஏனெனில் தீங்கின் வேர் அங்கேதான் இருக்கிறது. காயம்பட்டால் இரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்கள் சிலவற்றைக் கல்லீரல் வைட்டமின் கேயின் உதவியோடு உருவாக்குகிறது. ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கேயை மீண்டும் பயன்படும் நிலைக்குத் திருப்பும் நொதி ஒன்று கல்லீரலில் உண்டு. நஞ்சு அந்த நொதியைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. ஏற்கெனவே இரத்தத்தில் உள்ள புரதங்கள் தீரும்வரை விலங்குக்கு எந்த மாற்றமும் தெரியாது. அவை தீர்ந்தபின், ஓடும்போதும் தாவும்போதும் இயல்பாகவே உடலுக்குள் ஏற்படும் நுண்ணிய கசிவுகள்கூட அடைபடாமல் போய், உட்புறம் இரத்தம் பெருகி இறப்பு நேர்கிறது. பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம்வரை, சில வேளை அதற்கு மேலும் ஆகும். எலி சந்தேகப்படாமல் இருப்பதற்காகவே இந்தத் தாமதம் விரும்பப்படுகிறது. ஒரு தீனியைத் தின்ற எலி உடனே துடித்துச் செத்தால் மற்ற எலிகள் அந்தத் தீனியைத் தொடாது. நான்கு நாள் கழித்துச் செத்தால் எந்தத் தீனியால் செத்தது என்று எந்த எலிக்கும் தெரியாது.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். புரோடிஃபாகும் எலிகளில் பாதியைக் கொல்லும் அளவு, உடல் எடை ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 0.27 மில்லிகிராம். 250 கிராம் எடையுள்ள எலிக்கு 0.07 மில்லிகிராம் போதும். கடையில் விற்கும் 0.005 விழுக்காட்டுத் தீனியில் அது ஏறக்குறைய ஒன்றரை கிராமுக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த எலி ஒரே இரவில் இருபது கிராம் தின்னக்கூடியது; தனக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாமல் அடுத்த இரவும், அதற்கடுத்த இரவும் வந்து தின்னும். ஆகவே சாகும்போது அதன் உடலில் தன்னைக் கொல்லத் தேவையானதைப் போலப் பல மடங்கு நஞ்சு சேர்ந்திருக்கும். அதுவும் கல்லீரலில் குவிந்திருக்கும். சுண்டெலியின் கல்லீரலில் புரோடிஃபாகும் பாதியாகக் குறைவதற்கு 300 நாளுக்கு மேல் ஆகிறது என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள்.

நஞ்சுண்ட எலி இந்த இடைப்பட்ட நாட்களில் எப்படி இருக்கிறது என்பதுதான் பறவைகளுக்கு மிகக் கெடுதலானது. அது தளர்ந்துவிடுகிறது, ஓட்டம் குறைகிறது, இரவில் மட்டும் வெளிவரும் பழக்கம் குலைந்து பகலிலும் திறந்த இடத்தில் தடுமாறுகிறது. வேட்டையாடும் பறவை எப்போதும் எளிதில் அகப்படுவதையே முதலில் பிடிக்கும். குஞ்சுகளுக்கு இரை தேடும் கூகை ஒரே இரவில் பலமுறை வயலுக்கும் கூட்டுக்கும் போய்வரும் நிலையில், வயலில் இருக்கும் நலமான எலிகளைவிட நஞ்சேறிய எலிகளே அதன் காலில் மிகுதியாகச் சிக்கும். ஒரே எலியால் கூகை இறந்துபோக வேண்டியதில்லை. நஞ்சு அதன் கல்லீரலிலும் தங்கும். அடுத்த வாரம் அகப்படும் எலி அதன் மேல் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். மற்றொரு தோப்பில் வேறொருவர் வைத்த வேறொரு நஞ்சும் அதில் வந்து கூடும்.

இந்தச் சேர்க்கையை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எண்களாகக் காட்டியவர், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் காட்டுயிர் மருத்துவமனையில் பணியாற்றும் மரீன் மரே என்ற கால்நடை மருத்துவர். காயத்தோடோ நோயோடோ அங்கே கொண்டுவரப்பட்டு, காப்பாற்ற முடியாமல் இறந்த செவ்வால் பருந்துகள், மூன்று வகை ஆந்தைகள் ஆகியவற்றின் கல்லீரலை அவர் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்தார். 2006 முதல் 2010 வரை வந்த 161 பறவைகளில் 86 விழுக்காட்டின் கல்லீரலில் இந்த நஞ்சுகள் இருந்தன. 2012 முதல் 2016 வரை வந்த 94 பறவைகளில் அது 96 விழுக்காடு ஆயிற்று. அதன்பின் 43 செவ்வால் பருந்துகளைச் சோதித்தபோது ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாற்பத்துமூன்றிலும் நஞ்சு இருந்தது, அவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட நஞ்சுகள் இருந்தன.

இந்த எண்களை நேர்மையாகப் படிக்க வேண்டும். கல்லீரலில் நஞ்சு இருந்த எல்லாப் பறவைகளும் நஞ்சால் இறக்கவில்லை. அவற்றில் சிறு பகுதியே நேரடியாக நஞ்சால் இறந்ததாக உறுதிசெய்யப்பட்டது. ஆனால் எனக்கு இதில் முதன்மையாகப் படுவது வேறொன்று. 86இலிருந்து 96க்கும், அங்கிருந்து 100க்கும் ஏறிய இந்தக் காலத்தில்தான் அமெரிக்காவில் கட்டுப்பாடுகள் நடைமுறைக்கு வந்தன. இரண்டாம் தலைமுறை நஞ்சுகளைப் பொதுமக்களுக்கான சில்லறை விற்பனையிலிருந்து நீக்க அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008இல் முடிவெடுத்தது; மறுத்துக்கொண்டிருந்த டி-கான் என்ற புகழ்பெற்ற எலி மருந்தும் 2015க்குள் கடை அலமாரிகளைவிட்டு வெளியேற ஒப்புக்கொண்டது. பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்களும் பண்ணைகளும் மட்டும் அவற்றை வாங்கலாம், வெளியிடத்தில் பூட்டிய பெட்டிக்குள் வைத்தே பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள். அதன் பிறகும் பறவைகளின் கல்லீரலில் நஞ்சு குறையவில்லை. பூட்டிய பெட்டிக்குள் குழந்தையின் கையோ நாயின் வாயோ போகாது. எலி போய்த் தின்றுவிட்டு வெளியே வரத்தானே அந்தப் பெட்டி வைக்கப்படுகிறது? வெளியே வந்த எலிக்குப் பூட்டு இல்லை. நஞ்சு விதிப்படி வைக்கப்பட்டதா, விதியை மீறி வைக்கப்பட்டதா என்பது அதைப் பிடிக்கும் பருந்தைப் பொறுத்தவரை ஒன்றுதான்.

நியூயார்க்கில் இரண்டு ஆந்தைகளின் சாவு இதைப் பொதுமக்களின் பேச்சாக்கியது. சென்ட்ரல் பூங்காவில் பலரும் விரும்பிப் பார்த்துவந்த பாரி என்னும் வரி ஆந்தை, 2021 ஆகஸ்ட் மாதம் ஓர் இரவில் பூங்காப் பராமரிப்பு வண்டியில் மோதி இறந்தது. அதன் உடலைச் சோதித்தபோது, உயிரைப் பறிக்கக்கூடிய அளவுக்குப் புரோமடையலோன் இருந்தது தெரிந்தது. நஞ்சினால் தளர்ந்ததால்தான் வண்டியிலிருந்து விலகிப் பறக்க முடியாமல் போயிருக்கலாம் என்று கருதப்பட்டது. நம் பரிந்துரைத் தாளில் உள்ள அதே புரோமடையலோன்தான் அது. அடுத்தது ஃபிளாக்கோ என்னும் யூரேசியப் பேராந்தை. 2023 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு யாரோ உயிர்க்காட்சிக் கூண்டின் வலையை அறுத்துவிட, கூண்டிலேயே வளர்ந்த அந்தப் பறவை நகரத்துக்குள் பறந்தது. வேட்டையாடத் தெரியாமல் பட்டினியால் சாகும் என்று அஞ்சியவர்கள் வியக்கும்படி, சில நாட்களிலேயே எலி பிடிக்கக் கற்றுக்கொண்டது. ஓராண்டு கடந்து, 2024 பிப்ரவரி 23 அன்று, ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் அருகே விழுந்து இறந்தது. பிராங்ஸ் உயிர்க்காட்சிச் சாலை நடத்திய ஆய்வில், புறாக்களிலிருந்து தொற்றிய கடுமையான ஹெர்பீஸ் கிருமியும், நான்கு வெவ்வேறு உறைவெதிர்ப்பு எலி நஞ்சுகளும் அதன் உடலில் இருந்தன. கட்டடத்தின் மேலிருந்து விழாமல் இருந்திருந்தாலும் அது பிழைத்திருக்காது என்று அறிக்கை சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்நகர மன்றம், எலிகளுக்குக் கருத்தடைத் தீனி வைத்துப் பார்க்கும் சோதனைத் திட்டம் ஒன்றுக்கு ஃபிளாக்கோவின் பெயரால் ஒப்புதல் அளித்தது.

இந்த இரண்டு சாவுகளும் உணர்த்துவது ஒன்று உண்டு. இந்த நஞ்சு தன் பெயரைச் சொல்லிக்கொண்டு கொல்வது அரிது. வண்டியில் மோதியது, கட்டடத்தில் மோதியது, கம்பியில் அடிபட்டது, பட்டினியால் மெலிந்தது, எலி கடித்த சிறு காயம் ஆறவில்லை என்று வெளியே ஒரு காரணம் தெரியும். உள்ளே, உறையாத இரத்தம் தசைக்குள்ளும் நெஞ்சறைக்குள்ளும் கசிந்திருக்கும். வாயின் உட்புறம் வெளுத்திருப்பதையோ, ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நிற்காததையோ கண்டு ஐயுறும் மருத்துவர் கையில் பறவை உயிரோடு சேர்ந்தால், வைட்டமின் கே1 ஊசியை வாரக்கணக்கில் கொடுத்துக் காப்பாற்ற வாய்ப்புண்டு. அப்படிச் சேர்வது மிகச் சிலவே.

பிரிட்டனிலும் இதே நிலைதான். இறந்து கிடந்து பொதுமக்களால் அனுப்பப்படும் கூகைகளின் கல்லீரலை அங்கே நெடுங்காலமாகச் சோதித்துவருகிறார்கள். பத்தில் எட்டுக்குக் குறையாதவற்றில் இரண்டாம் தலைமுறை நஞ்சு இருக்கிறது. தொழில்துறை 2016இல் பயிற்சியும் சான்றிதழும் கொண்ட பொறுப்புப் பயன்பாட்டுத் திட்டம் ஒன்றை நடைமுறைப்படுத்தியது. கூகைகளின் கல்லீரலில் எதிர்பார்த்த இறக்கம் ஏற்படவில்லை. கட்டடங்களைவிட்டு விலகிய திறந்தவெளியில் இந்த நஞ்சுகளைப் பயன்படுத்தும் அனுமதியே இறுதியில் 2024ஆம் ஆண்டோடு விலக்கிக்கொள்ளப்பட்டது. திறந்த நிலத்தில் வைப்பதே தவறு என்ற முடிவுக்கு அவர்கள் வந்திருக்கும்போது, நெல் வயல் என்பது முழுக்க முழுக்கத் திறந்த நிலம் என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மலேசியாவின் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்களில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த தோட்டங்கள் என்பதால் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. கூகையையும் நஞ்சையும் ஒரே நிலத்தில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பது அங்கே கண்கூடாக நடந்து முடிந்திருக்கிறது. செம்பனைப் பழத்தை எலிகள் கொறித்து அழிப்பதால், தோட்ட நிர்வாகங்கள் மெழுகுக் கட்டி நஞ்சை மரத்துக்கு ஒன்றாக வைத்து, தின்று தீர்ந்த இடத்தில் மீண்டும் வைத்து, தீனி எடுப்பது பெரிதும் குறையும்வரை சுற்றுச்சுற்றாக வைத்துக்கொண்டே போகும் முறையைப் பின்பற்றின. வார்ஃபரின் பயன்பட்ட காலத்தில், எலி மிகுந்த அந்தத் தோட்டங்களில் கூகைகளும் பெருகிவந்தன. பின்னர் சில தோட்டங்கள் வலிமை கூடிய நஞ்சுகளுக்கு மாறின. டக்கெட் என்ற ஆய்வாளர் 1984இல் பதிவுசெய்தபடி, 200 ஹெக்டேர் தோட்டம் ஒன்றில் வாழ்ந்த 40 கூகைகள், கூமடெட்ராலில் என்ற உறைவெதிர்ப்பு நஞ்சும் புரோடிஃபாகும் நஞ்சும் வைக்கத் தொடங்கிய 30 மாதங்களில் இரண்டாகக் குறைந்தன.

நாற்பது கூகைகள் என்பது அந்தத் தோட்டத்தைப் பொறுத்தவரை என்ன? குஞ்சு வளர்க்கும் ஓர் இணை ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைப் பிடிக்கும். அத்தனை எலிகளை நாள் தவறாமல், கூலியின்றி, இரவு முழுவதும் பிடித்துக்கொண்டிருந்த கூட்டத்தை இழந்துவிட்டு, அந்த வேலையையும் சேர்த்து நஞ்சே செய்யட்டும் என்று விட வேண்டிய நிலை வந்தது. எலி ஆண்டுக்குப் பலமுறை குட்டி போடும். கூகை ஆண்டுக்கு ஓரிரு முறைதான் குஞ்சு பொரிக்கும். நஞ்சு வைப்பதை நிறுத்திய சில மாதங்களில் எலிகள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பிவிடும், கூகைகள் திரும்புவதற்கு ஆண்டுகள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் எலியைத் தடுக்க மீண்டும் நஞ்சுதான். பின்னாளில் மலேசியத் தோட்டங்கள் பலவும் பெட்டிக்கூடுகளை நட்டுக் கூகைகளை மீண்டும் குடியேற்றியது இந்தச் சுழலிலிருந்து வெளிவரத்தான்.

இதை எங்கள் பக்கத்து உழவர்களிடம் பேசும்போது வரும் மறுப்பை நான் எளிதாக ஒதுக்கிவிட விரும்பவில்லை. திருவாரூர் பக்கம் சம்பா பயிரிடும் என் பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "ஆந்தை வந்து புடிக்கிற வரைக்கும் கதிரு நிக்காது தம்பி" என்றார். அவர் சொல்வது உண்மை. கதிர் வெளிவருவதற்கு முந்தைய தொண்டைக்கட்டுப் பருவத்தில் எலி இறங்கினால், ஓரிரு இரவுகளில் வயலின் நடுவில் வட்டம் வட்டமாகப் பயிர் அறுபட்டுக் கிடக்கும். வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது, உள்ளே இறங்கினால்தான் தெரியும். கடன் வாங்கிப் பயிரிட்டவரிடம் கூகைகள் பெருகும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவர் சொன்ன வாக்கியத்துக்குள்ளேயே, நஞ்சு வைக்கும் நேரம் பிந்திப்போகிறது என்ற உண்மையும் இருக்கிறது. பயிர் அறுபடக் கண்டபின் புரோமடையலோன் வைத்தால், எலி சாக இன்னும் நான்கைந்து நாள் ஆகும். அந்த நாட்களிலும் அது பயிரை அறுக்கத்தான் செய்யும். இந்த நஞ்சு அவசரத்துக்கு உதவும் மருந்தே அன்று.

அப்படியானால் துத்தநாகப் பாஸ்பைடுக்குத் திரும்பலாமா என்று கேட்கலாம். வேட்டைப் பறவைகளைப் பொறுத்தவரை அது குறைந்த கேடு செய்வது. எலியின் வயிற்றில் சிதைந்துவிடுவதால் தசையிலும் கல்லீரலிலும் சேர்வதில்லை. எனினும் தானியம் பொறுக்கித் தின்னும் மயிலும் கௌதாரியும் புறாவும் அந்தத் தீனியை நேரடியாகத் தின்று சாகும். மனிதர் கையில் அதனால் நேரும் சாவுகளைச் சொல்லவே வேண்டாம். ஒருமுறை தின்று பிழைத்த எலி மறுமுறை அதைத் தொடாது என்பதும் அதன் குறை. வளைக்குள் மட்டும் வைத்து, வாயை மண்ணால் மூடி, வேறு வழியே இல்லாத நிலையில் ஒருமுறை பயன்படுத்தலாம் என்பதற்கு மேல் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிட்டியை நாம் உரிய அளவுக்கு மதிக்கவில்லை என்பது என் கருத்து. மூங்கிலும் கயிறும் கொண்டு வளைக்கும் இந்த வில் பொறியைச் சாயங்காலம் வயலில் வைத்து, விடியற்காலையில் எடுப்பவர்கள் டெல்டாவில் இன்றும் இருக்கிறார்கள். பிடிபட்ட எலிக்குக் கணக்குக் கொடுத்துக் கூலி வாங்குவார்கள். வடமாவட்டங்களில் இருளர்கள் மண்பானையில் வைக்கோல் புகை மூட்டி வளைக்குள் ஊதி எலியைப் பிடிப்பதோடு, அது சேர்த்துவைத்த நெல்லையும் மீட்டெடுப்பார்கள். இந்த வேலையைத் தனித்தனியாக அவரவர் வயலில் செய்தால் பயனில்லை. ஒரே வாய்க்காலில் பாயும் வயல்கள் அனைத்தும் ஒரே வாரத்தில், நடவுக்கு முன்பும் கோடையிலும், வரப்பு வளைகளைத் தோண்டிப் பொறிவைக்க வேண்டும். எலிகள் எண்ணிக்கையில் குறைந்திருக்கும் அந்த நேரத்தில் பிடிக்கும் ஒரு பெண் எலி, கதிர் வரும் காலத்தில் வரக்கூடிய ஒரு கூட்டத்தையே தடுக்கிறது. முன்பு ஊர் கூடி இதைச் செய்தது உண்டு. நஞ்சு மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கத் தொடங்கியபின் அந்தக் கூட்டு முயற்சி தளர்ந்தது. கூகைகள் வேட்டையாடுவதும் இப்படி வரப்பைத் திருத்திய வயலில்தான் எளிது.

கூகையை நம்பி வேளாண்மை செய்ய முடியும் என்பதற்கு இஸ்ரேலை எடுத்துக்காட்டலாம். 1950களில் அங்கே எலிகளுக்குத் தாலியம் சல்பேட் தடவிய தானியத்தைப் பரவலாகத் தூவியதால் வேட்டைப் பறவைகள் பெருமளவில் மடிந்தன. 1983இல் ஸ்தே எலியாகு என்னும் கூட்டுப்பண்ணையில் கூகைகளுக்குப் பெட்டிக்கூடு வைக்கும் முயற்சி தொடங்கியது. 2002 முதல் ஜோர்தான் உழவர்களும் அதில் இணைந்தார்கள். எல்லையை மதிக்காமல் இரவில் பறக்கும் பறவைக்கு இருபுறமும் நஞ்சில்லாத நிலம் வேண்டும் என்பதை இரண்டு தரப்பும் ஏற்றுக்கொண்டன. பெட்டி வைப்பதும் நஞ்சைக் குறைப்பதும் அங்கே ஒரே திட்டத்தின் இரு பகுதிகள். நாமோ தாங்கியை மட்டும் எடுத்துக்கொண்டு நஞ்சை அப்படியே வைத்திருக்கிறோம்.

நம்மிடம் இன்னொரு குறையும் உண்டு. பிணந்தின்னிக் கழுகுகள் இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தபோது, இறந்த கழுகுகளை அறுத்துப் பார்த்ததால்தான், மாட்டுக்குப் போட்ட டைகுளோஃபினாக் ஊசியே காரணம் என்பது 2004இல் தெளிவாயிற்று. 2006இல் கால்நடை மருத்துவத்தில் அதற்குத் தடை வந்தது. மாயாறு பள்ளத்தாக்கில் இன்று எஞ்சியிருக்கும் கழுகுகள் அந்தத் தெளிவுக்குக் கடன்பட்டவை. கூகைக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. அது இரவுப் பறவை. அலறினால் கெட்ட சகுனம் என்று கல்லெறிந்து விரட்டப்படுவது. தோப்பிலோ பாழடைந்த வீட்டின் மச்சிலோ செத்துக் கிடந்தால் குப்பையோடு எரிக்கப்படுவது. சாலையோரம் கிடக்கும் கூகையை வண்டியில் அடிபட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கால்நடைப் பல்கலைக்கழகமும் வனத்துறையும் சேர்ந்து, டெல்டா மாவட்டங்களில் இறந்து கிடைக்கும் கூகை, ஆந்தை, பருந்து ஆகியவற்றின் கல்லீரலை உறைவெதிர்ப்பு நஞ்சுகளுக்காகச் சோதிக்கும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்க வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. இதற்குப் பெரும் செலவோ புதிய சட்டமோ வேண்டியதில்லை; மாசச்சூசெட்ஸில் ஒரு மருத்துவமனையின் முயற்சியிலிருந்தே எல்லாம் வெளிவந்தது.

இரண்டாவது கோரிக்கை, பரிந்துரைத் தாளைப் பற்றியது. புரோமடையலோன் என்ற வரியை வயல்வெளிப் பயன்பாட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும். அது உடனே இயலாது என்றால், தாங்கி நடும் வயலிலும் அதைச் சூழ்ந்த வயல்களிலும் அந்த நஞ்சை வைக்கக் கூடாது என்ற ஒரு வரியையாவது சேர்க்க வேண்டும். கடைக்காரரிடமும் உழவரிடமும் வேளாண் அலுவலர் சொல்லக்கூடிய ஒரு வரி அது. அதைக் கேட்டு மறுக்கும் உழவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. கூகை எலி பிடிப்பதை அவர்கள் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்லர். தென்னை மட்டையைத் தலைகீழாக வயலில் நட்டு அதை உட்காரவைப்பது இந்தத் தாள்கள் அச்சாவதற்கு முன்பிருந்தே அவர்கள் செய்துவருவதுதான்.

ஏற்கெனவே நஞ்சை வைத்துவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வைத்த நாளிலிருந்து குறைந்தது இரண்டு வாரம், விடிந்ததும் வயலையும் வரப்பையும் வாய்க்கால் ஓரத்தையும் சுற்றிப் பாருங்கள். செத்த எலியையும், ஓட முடியாமல் தடுமாறும் எலியையும் கையுறையோடு எடுத்து, நாயோ காகமோ தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள். தின்னாமல் மிஞ்சிய கட்டிகளைத் திரும்ப எடுத்துவிடுங்கள். அந்த இரண்டு வாரமும் நட்ட தாங்கிகளைப் பிடுங்கி வைத்திருங்கள். கூகையோ ஆந்தையோ பகலில் தரையில் அமர்ந்து, நெருங்கினாலும் பறக்காமல் இருப்பதைக் கண்டால், தண்ணீர் ஊட்ட முயலாமல், காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வனத்துறைக்குச் சொல்லிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அவரிடம் பறவையின் பெயரோடு, சுற்றுவட்டாரத்தில் வைத்திருக்கும் எலி மருந்தின் பெயரையும் சொல்லுங்கள். வைட்டமின் கே1 கொடுக்க வேண்டுமா என்பதை அந்தப் பெயரை வைத்துத்தான் அவர் முடிவுசெய்ய முடியும்.